நேரம் பத்தாத மசோதா

குனோங் ராபாட்டில் இருக்கும் என் டோபி கடைக்கு, சட்டமன்றம் கூடுவதற்கு முந்தின நாள் தவறாமல் வருவார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், அப்போது எதிர்க்கட்சி. குள்ளமான உருவம், சாயமடித்த மீசை. தேய்த்த கோட்டைக் கடைக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்து, சபையில் பேச எழுந்தவர்போல் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

மூடிய ரப்பர் தோட்டங்களில் இன்னும் பழைய தொழிலாளர் லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு நிலம் தரவேண்டும் என்று ஒரு தனி மசோதா வைத்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கம் என் அம்மா இருப்பதும் அப்படியொரு லயம்தான். ஆனால் அரசாங்க மசோதாக்கள் முடிந்த பிறகுதான் தனி உறுப்பினர் மசோதா. அதன் முறை வருவதற்குள் கூட்டத்தை முடித்துவிடுவார்கள்.

"நேரம் பத்தலன்னுட்டாங்க லா," என்பார்.

அது தோற்கவில்லை. தோற்கக்கூட அதை விடவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் கட்சியே ஆட்சிக்கு வந்தது. புதுக் கோட்டோடு வந்தவரிடம் ஆசையாகக் கேட்டேன்.

"அண்ணே, இனி நம்ம மசோதா பாஸாயிரும்ல?"

"இப்ப நாமதான் அரசாங்கம் லா. நானே தனியா கொண்டு போனா நம்ம ஆளுங்களையே குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும். கொஞ்சம் பொறு."

கோட்டைப் போட்டுக் கண்ணாடி பார்த்தார். தொண்டையைச் செருமவில்லை. வாசலில் நின்று திரும்பி, "அம்மா இன்னும் லயத்துலதான் இருக்காங்களா?" என்றார்.

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.