மைமூனின் கைகளுக்கு எத்தனை ஜிபி?

“…ஒரு நாளைக்கே ஒன்றரை ஜிபி வருது, அதுவே இவுக போன்ல ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தீந்துபோவுது. நீங்க என்னன்னா இருபது நாளைக்கு மொத்தமே அஞ்சு போதுங்கிய. அது எப்படிக்கா?”

கேட்டவள் மைமூன். இடம், மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால், இரும்பு ஏணியில் ஏறிப் போகிற ஒரு தோல்பைப் பட்டறை. செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. நான் மலேசியாவிலிருந்து வந்து இறங்கி ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது.

கிள்ளானில் என் பக்கத்து வீட்டுப் பெண் ஜெய்னப், மைமூனின் தங்கை. அவளுக்குத் தலைப்பிரசவம். கணவனுக்குக் கப்பலில் வேலை, இரண்டு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவான். அக்கா வந்து இருபது நாள் கூட இருக்கட்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். என் தையல் கடைக்குப் பைகள் பார்க்க நான் மும்பை போகிறேன் என்று தெரிந்ததும், திரும்பும்போது அக்காவைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள் என்றாள். போன் விஷயம் ஒன்றுதான் அக்காவுக்குப் பயம், அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்றாள். “மச்சான் பேசமாட்டாங்க, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க” என்றும் சொன்னாள். சரி, மச்சான் ஆள் முசுடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மைமூனிடம் எனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பித்தேன். நெட்டைத் தின்பது வீடியோதான். குரலில் மட்டும் பேசினால் மணிக்கணக்கில் பேசினாலும் பெரிதாகக் கரையாது. “வீடியோவைக் குறைச்சுக்கம்மா. பேசினா போதாதா?” என்றேன்.

தையல் மிஷின்கள் இரண்டும் நின்றன. மைமூன், மேசைக்கு அந்தப் பக்கம் தோல் வெட்டிக்கொண்டிருந்த தன் கணவர் நாசரைப் பார்த்து விரல்களை மளமளவென்று அசைத்தாள். அவர் கத்தியை வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வரவில்லை.

“பேசினா போதாதான்னு கேட்டிய. எங்களுக்குப் பேச்சே வீடியோலதான்க்கா. அதைத்தான் இவுகட்ட சொன்னேன்.”

நாசருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தமிழில் ‘பேசமாட்டார்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது ஐம்பத்தாறு வயதில் எனக்கு உறைத்தது.

எழுதி அனுப்பலாமே என்று கேட்டேன். நாசர் பள்ளிக்கூடம் போகவில்லை. மைமூனுக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் வரும். கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. ஒரே பட்டறை, அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். மிஷின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்த, இவர்கள் இருவரும் அறையின் இரு கோடியிலிருந்து நிம்மதியாகப் பேசிக்கொள்வார்கள். பக்கத்து மிஷின்காரர் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது: “மிஷின் ஓடும்போது பாத்தியன்னா, இந்தப் பட்டறைல காது கேக்காதவன் நாங்கதான்.”

இருபது நாளும் நாசர் முகம் பார்த்துப் பேச முடியும் என்று தெரிந்தால் மைமூன் விமானம் ஏறுவாள். தெரியாவிட்டால் ஏறமாட்டாள். அங்கே தங்கை தனியாக இருக்கிறாள், அவள் வீட்டில் வைஃபையும் கிடையாது. என் வீட்டு வைஃபை சுவரைத் தாண்டாது, ஆஸ்பத்திரிக்கும் கூட வராது. ஞாயிற்றுக்கிழமை விமானம். நடுவில் நான்கு நாள்.

புதன்கிழமை காலை ஏழு மணி, செம்பூர். சேடா நகரில் நான் தங்கிய அறையில் கண் விழித்தபோது, பாடம் சொன்னவளுக்கே பாடம் காத்திருந்தது. ஆறு நாளைக்கென்று ஊரிலேயே மூன்று ஜிபி வாங்கிப் போட்டு வந்திருந்தேன். பார்த்தால் ஒன்று புள்ளி எட்டுதான் மிச்சம். முதல் நாள் நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களையும் வீடியோக்களையும் போன் என்னைக் கேட்காமலே இரவில் மேலே அனுப்பிச் சேமித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வைஃபையில் அது பாட்டுக்கு நடக்கிற காரியம், இங்கே அறையின் வைஃபையை இணைக்காமலே நான் தூங்கிவிட்டதால் என் பையிலிருந்து போயிருக்கிறது. அமைப்புக்குள் போய், வைஃபை இருந்தால் மட்டும் அனுப்பு என்று மாற்றினேன். ஊர் வரைபடத்தையும் அறையின் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டேன்.

அன்று தாராவிக்கு ஆட்டோவில் போனேன். எட்டு கிலோமீட்டர், நூற்று முப்பது ரூபாய். ஓட்டியவர் பக்கத்து மான்குர்தில் குடியிருக்கும் தமிழர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “இப்ப நெட்டு போச்சுன்னா டிரைவரும் டூரிஸ்ட்டுதாங்க்கா. காலி-பீலி டென்ஷன் ஆவாதீங்க” என்றார். காலி-பீலி என்றால் வீணாக என்று பொருளாம். சொல்லுக்கு ஏற்றாற்போல் சயான் சந்திப்பில் வழியையும் தவறவிட்டார்.

பட்டறையில் கணக்கு போட உட்கார்ந்தோம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்றால் மைமூன் அரை மணி என்கிறாள், நாசர் இரண்டு கையையும் விரித்து ஒரு பெரிய அண்டாவைக் காட்டுகிறார். பிறகு மலேசியாவுக்குக் கைப்பேச்சில் என்ன என்ற கேள்வி வந்தது. அவர்களிடம் அதற்குச் சொல் இல்லை. எங்கள் இரட்டைக் கோபுரத்தை நினைத்து இரண்டு சுட்டுவிரல்களையும் ஒட்டி நிமிர்த்திக் காட்டினேன். மைமூன் முகம் சிவந்துவிட்டது. அவர்கள் பேச்சில் அது ‘நாம ரெண்டு பேரும்’ என்பதாம். மைமூன் ‘நாம ரெண்டு பேரும்’ ஊருக்குப் போகிறாள் என்றால் எந்தப் புருஷனுக்குப் புரியும்? கடைசியில் கோபுரத்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தோம்.

இப்படிக் குத்துமதிப்பாகச் சொல்வது ஆகாது, ஒரு நாள் பிரிந்து இருந்து பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். பிரிவுக்கு ஒத்திகை. நாசர் பட்டறையில், மைமூன் என்னோடு மாட்டுங்காவிலும் செம்பூரிலும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைமூனின் போனில் நெட் கணக்கைப் பூஜ்யமாக்கினோம். டாக்ஸிக்கு அறுபது ரூபாய், மாட்டுங்கா சந்தை. பூக்கடைகளின் ஈரத் தரையைத் தாண்டி, ஒரு நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியம் இரண்டு டப்பா வாங்கினாள். முதல் அழைப்பு அங்கிருந்துதான். ஒரு கையில் போன், மறு கையால் பேச்சு. ஒற்றைக் கையால் பேசுவது வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு பேசுவது மாதிரியாம், பாதி விழுங்கிப்போகிறது. பத்து நிமிடம், ஐம்பத்தெட்டு எம்பி.

அடுத்து ஒரு காபிக் கடையில், காபி நாற்பது ரூபாய், அழைப்புச் செயலியில் ‘குறைந்த நெட்’ என்ற வசதியைப் போட்டுப் பார்த்தோம். எண் அழகாகக் குறைந்தது. ஆனால் விரல்கள் பிசைந்த மாவாகிவிட்டன. நாசர் ‘என்ன, என்ன’ என்று புருவத்தை உயர்த்தியபடியே இருந்தார். பத்து நிமிடப் பேச்சு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பார்த்தால் அதே அறுபது எம்பி. எங்களைப் போன்றவர்களுக்கு நெட்டை மிச்சம் பிடிக்கும் வசதி, கைக்காரர்களுக்குக் கொன்னல்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்களை ஜன்னலுக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். மைமூன் வெறும் சுவரில் சாய்ந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிற்க வைத்து இரண்டு கையையும் விடுவித்தாள். பின்னால் அசைகிற கூட்டமில்லை, முகத்தில் வெளிச்சம், கறுப்பு புர்காவின் மேல் கைகள் எழுத்து மாதிரித் தெரிந்தன. இப்போது ஒரு சொல்லைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. பேச வேண்டியது ஆறே நிமிடத்தில் முடிந்தது, முப்பத்துமூன்று எம்பி. நெட்டை அதிகம் தின்பது பேச்சல்ல, திரும்பக் கேட்பதுதான் என்று அன்று கண்டுகொண்டோம்.

கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூர். டிக்கெட் பத்து ரூபாய். என் அறையில் மதியச் சாப்பாடு, நடுவே இரண்டு அழைப்பு. நான்கு மணிக்கு எண் முந்நூற்றுப் பத்தில் நின்றது. மாலை அழைப்பையும் சேர்த்து ஒரு நாளைக்கு நானூறு என்று வைத்தாலும் இருபது நாளைக்கு எட்டு ஜிபி. கோலாலம்பூர் விமான நிலையத்தில் எங்கள் ஊர்ப் பணம் முப்பத்தைந்து வெள்ளிக்குப் பதினைந்து ஜிபி சிம் வாங்கலாம். புது சிம் போட்டாலும் அழைப்புச் செயலியில் பழைய நம்பர் மாறாது, அவருக்கு உன் முகம்தான் வரும் என்றும் சொன்னேன். மைமூன் முதல் தடவையாகத் தங்கைக்கு என்ன பிள்ளை பிறக்கும் என்று பேச ஆரம்பித்தாள்.

ஐந்தே முக்காலுக்கு, திரும்பும் வழியில் வடாலா நடைமேடையில் நின்று அழைத்தாள். போகவில்லை. மறுபடியும் அழைத்தாள், போகவில்லை. மூன்றாவது தடவை. காது கேட்கிறவருக்கு வெறும் போன் போட்டாவது கேட்கலாம், இவருக்கு அதுவும் இல்லை. பட்டறை முதலாளிக்குப் போட்டாள், மிஷின் இரைச்சலில் அவரும் எடுக்கவில்லை. இரண்டு ரயில்கள் போயின.

“வெட்டுக் கத்தி கைல வச்சிருக்க மனுசன்க்கா. கையில பட்டுச்சுன்னா கத்தக்கூடத் தெரியாது.”

பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடி, “நான் போவல. ஜெய்னப்கிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாள்.

வடாலாவிலிருந்து டாக்ஸி பிடித்தோம். வழியெல்லாம் அவள் இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்திருந்தாள். ஏணியில் எனக்கு முன்னால் அவள் ஏறிய வேகத்தில் செருப்பு ஒன்று கீழே விழுந்தது.

நாசர் நன்றாகத்தான் இருந்தார். நெட் மட்டும்தான் செத்திருந்தது. வேலைக்கு நடுவே போனில் என்ன பார்த்தார் என்று மைமூன் விசாரித்தாள். அவள் கைகள் போட்ட போடு எனக்கே பயமாக இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் காட்டினார். கிள்ளான் ரயில் நிலையம், கிள்ளான் ஆஸ்பத்திரி வாசல், கிள்ளான் கடைத்தெரு. யாரோ நடந்துகொண்டே எடுத்த நீள நீளமான வீடியோக்கள். மனைவி எந்தத் தெருவில் நடப்பாள், எங்கே சாலையைக் கடப்பாள் என்று காலையிலிருந்து பார்த்திருக்கிறார். ஒன்றரை ஜிபியும் கிள்ளானில் கரைந்துவிட்டது. என் வீட்டு வழியாகப் போகும் பேருந்துகூட அதில் வந்தது.

மைமூனின் கைகள் நடுவில் நின்றுவிட்டன.

நாங்கள் அவளுடைய நெட்டைத்தான் எண்ணினோம். பேச்சுக்கு இரண்டு முனை உண்டு, அந்த முனையை யாரும் எண்ணவில்லை. அவர் போனை வாங்கி, ஒரு ஜிபி ஆனதும் அதிரும்படி எச்சரிக்கை வைத்தேன். வீடியோச் செயலிகள் எல்லாவற்றையும் வைஃபையில் மட்டும் என்று பூட்டினேன். அழைப்புக்கு மட்டும் வழி விட்டேன். பட்டறை முதலாளி, மாலை ஏழு மணிக்கு மேல் தன் போனிலிருந்து கொஞ்சம் நெட் விட்டுத் தருவதாகச் சொன்னார். அதன் பிறகு கணவனும் மனைவியும் ஜன்னலோரம் நின்று நெடுநேரம் பேசினார்கள். எனக்கு மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளியும் சனியும் என் பை வேலையில் போயின. சனி மாலை குரல் செய்தி ஒன்று வந்தது. “லேகியம் பெட்டில வச்சுட்டேன்க்கா. உடைஞ்சிருமா?” அதுதான் பதில்.

ஞாயிறு காலை எட்டரை மணி, விமான நிலையம். பதினொன்றரைக்குப் புறப்பாடு, சென்னையில் மாறி ஏற வேண்டும். என் மூன்று ஜிபியில் முந்நூறு எம்பி மிச்சம் இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரில் எங்கள் வீட்டில் அளவே இல்லாத நெட். கோலாலம்பூரில் இருக்கும் என் மகனும் நானும் அதில் நாள்தோறும் அனுப்பிக்கொள்வது ஒரு கட்டைவிரல் படம்.

டிக்கெட் இல்லாதவர்களுக்கு வாசலோடு சரி. காவலர் மைமூனின் பாஸ்போர்ட்டை முகத்தோடு ஒத்துப் பார்த்து உள்ளே விட்டார். நாசர் வெளியே நின்றார். பத்தடி போவதற்குள் மைமூனின் போன் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தோம். வெளியே, தள்ளுவண்டிகளை விலக்கிக்கொண்டு கண்ணாடிச் சுவரோரம் வந்து நின்ற நாசர், போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

மைமூன் அழைப்பைத் துண்டித்தாள். நெட்டை அணைத்தாள். போனையும் பாஸ்போர்ட்டையும் என் கையில் திணித்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிப் பேச ஆரம்பித்தாள்.