யாரைக்கேட்டு அக்கா

நூலகத்தின் பின்னறைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஊருக்கெல்லாம் அவள் 'யாரைக்கேட்டு அக்கா'. செருப்புக் கடையில் பில் போடுகிறவர் ஃபோன் நம்பர் கேட்டால், "செருப்பு காலுக்குத்தானே வாங்கறேன், காதுக்கா?" என்பாள். கைபேசி தன்பாட்டுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் அதையும் விடமாட்டாள், கையில் எடுத்து, "யாரைக் கேட்டு?" என்று அதட்டுவாள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை உலகமே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும்போது, இவள் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து வாசிப்பாள். அவளை நம்பிப் பயணச்சீட்டு எடுக்கச் சொன்னவர்கள் வண்டியைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல, சூடு பட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூலகத்தின் புத்தக விவரம் அத்தனையையும் அவள்தான் தட்டச்சு செய்தாள், ஒரு கம்பெனி விற்ற தமிழ் மென்பொருளில், அந்தக் கம்பெனியின் எழுத்துருவில். சில வருஷம் போனதும் கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. புதுக் கணினியில் பழைய மென்பொருள் ஏறமாட்டேன் என்றது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கண்ட கண்ட புள்ளிகளும். விசைப்பலகை மேல் பூனை நடந்த மாதிரி இருந்தது. தன் கையால் அடித்த தமிழைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. மேசையில் தலையை வைத்து, வெட்கப்படாமல் அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் தேட ஆரம்பித்தாள். முகம் தெரியாத சிலர் சேர்ந்து, எழுத்துகளை மாற்றித் தரும் ஒரு நிரலை எழுதிப் பொதுவில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இவளுடைய எழுத்துருவுக்கு அது ஒத்துவரவில்லை. எழுதிக் கேட்டாள். எந்த வரியை மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். தட்டுத் தடுமாறி மாற்றினாள், தமிழ் திரும்பி வந்தது. அன்று பிடித்ததுதான் இந்தக் கட்டற்ற மென்பொருள் பைத்தியம்.

"கல்யாணம் கட்டினவளுக்கு எதுக்குக் கட்டற்ற மென்பொருள்?" என்பார் அவள் வீட்டுக்காரர். இரண்டு தெரு தள்ளி அச்சகம் நடத்துகிறவர். இந்தப் பழைய நகைச்சுவைக்கு ஒவ்வொரு முறையும் அவரேதான் முதலில் சிரிப்பார்.

"கட்டினது நீங்க, மாட்டிக்கிட்டது நான்," என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

பின்னறையில் இருந்தவை எல்லாம் அலுவலகங்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட கணினிகள். அவள் அவற்றைத் துடைத்து, கட்டற்ற மென்பொருளை ஏற்றி, ஓடவைத்திருந்தாள். உறுப்பினர் யாரும் வந்து உட்காரலாம், பெயர் சொல்ல வேண்டாம். எழுந்து போன மறுநொடி அவர் பார்த்தது, தேடியது எல்லாம் அழிந்துவிடும். யார் எதைத் தேடினார்கள் என்று நூலகத்துக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தனக்கே தெரியாதபடி செய்து வைத்திருப்பதுதான் அவளுடைய பெருமை.

அந்தப் பெருமைக்கு ஆபத்து புன்னகையோடு வந்தது. புத்தம்புதுக் கணினிகளைச் சும்மாவே தருகிறோம் என்று ஒரு கம்பெனி முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பயன்படுத்துகிறவர்கள் தங்கள் ஃபோன் நம்பரைப் போட்டு உள்ளே நுழைய வேண்டும், அறையைக் கம்பெனியே நடத்தும். உறுப்பினர்கள் கையைத் தூக்கி முடிவு செய்யட்டும் என்றது வாசகர் குழு. முடிவு கம்பெனி பக்கம் போனால் இவளுடைய கணினிகள் குப்பைக்கு, இவள் முன்னறையில் புத்தகம் கொடுக்கும் வேலைக்கு. அந்த வேலை அவளுக்குக் கசக்கவில்லை. பின்னறை பறிபோவதுதான் தாங்கவில்லை. கை தூக்கும் முன்னால் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினாள். ஒரு கூட்டத்தைத் திருப்ப அது போதும் என்று உறுதியாக நம்பினாள்.

அறிவிப்பை வீட்டுக்காரரிடமே அச்சடிக்கக் கொடுத்தாள். 'கட்டற்ற மென்பொருள்: ஒரு விளக்கம்' என்று எழுதியிருந்தாள். அவசரத்தில் நடுவே இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டாள் என்று நினைத்து, மனிதர் அக்கறையாகத் திருத்தி, 'கட்டணமற்ற' என்று கொட்டை எழுத்தில் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

கூட்டம் அலைமோதியது. வாசற்படி வரைக்கும் ஆள்.

"ஆளுக்கு எத்தனை குடுப்பாங்க?" என்று கையில் பையோடு வந்த ஓர் அம்மாள் விசாரித்தார்.

அவள் கணவரைத் தேடினாள். அவர் கடைசி வரிசையில் ஒரு குண்டு ஆளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். சுட்டுவிடுவது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நோட்டீஸ்ல தப்பு. ஆனா நல்ல தப்பு," என்றாள். "காசு கேக்காதது வேற, நம்மளைக் கட்டிப் போடாதது வேற. இவங்க தர்றது கட்டணமற்றது. உள்ள என்ன நடக்குதுன்னு நாம பாக்க முடியாது, மாத்த முடியாது. என்கிட்ட இருக்கறது கட்டற்றது. பிரிச்சுப் பாக்கலாம், நமக்குத் தகுந்த மாதிரி மாத்தலாம். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், ஒத்துக்கறேன்."

பிறகு, கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள். "ஒருத்தர் எழுந்து போனதும், அவர் தேடினதெல்லாம் என்ன ஆகும்?"

"சேவையை மேம்படுத்தறதுக்காக எங்ககிட்ட இருக்கும் மேடம்," என்றார் அவர், இஸ்திரி கலையாத இளைஞர்.

"யாரைக் கேட்டு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இளைஞரும் சிரித்தார். "அவங்களேதான் 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்தியிருப்பாங்களே மேடம்." இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் போனது.

குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் எழுந்தார். நல்ல மனிதர்தான், புதுச் சாமானைக் கண்டால் மயங்கிவிடுவார். "அம்மா, நாமெல்லாம் சாதாரண ஜனங்க. மறைக்கறதுக்கு நம்மகிட்ட அப்படி என்ன இருக்கு?" என்றார். பலர் தலையாட்டினார்கள். பிடி நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. இந்தக் கேள்விக்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தாள். முதல் பதிலுக்கு வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட இருந்துச்சுங்க," என்றது கடைசி வரிசை.

அச்சகக்காரர் எழுந்து நின்றிருந்தார். "கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. வீட்டு ஃபோன்ல தேடலாம்னா, பிள்ளைங்களும் அதைத்தான் எடுக்குதுங்க. ஒருக்கா மூட்டுவலின்னு தேடிட்டேன், மாசக்கணக்கா அதுங்க கார்ட்டூனுக்கு நடுவுல தைலம் வித்தாங்க. கட்டின்னு தேடினா என்னத்தைக் காட்டும்? அதான் இவ சாப்பிடப் போற நேரம் பாத்துப் பின்னறையில போய் உக்காருவேன். என்ன டெஸ்ட், எந்த டாக்டர், மோசமா இருந்தா என்ன ஆகும், எல்லாத்தையும் அங்கதான் தேடினேன். எழுந்து வந்தா ஒண்ணும் மிஞ்சாது. தம்பி, உங்க மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் நம்பரைப் போட்டு இதைத் தேடியிருக்க மாட்டேன். தேடலைன்னா டாக்டர்கிட்டயும் போயிருக்க மாட்டேன்."

கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாரே, மாப்பிள்ளை மாதிரி என்ன ஸ்டைல் என்று கேலி செய்தோமே என்று நினைத்தபடி அவள் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள்.

"டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு," என்றார் அவளைப் பார்த்து அவசரமாக. "வெறும் கொழுப்புக் கட்டியாம். முறைக்காதே."

"கொழுப்புன்னு அக்காவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே," என்று யாரோ சொல்ல, அரங்கம் வெடித்துச் சிரித்தது. இவள் சிரிக்கவில்லை.

தன் கடைக்குத் தயங்கித் தயங்கி வந்து காதோடு மருந்துப் பெயர் சொல்கிறவர்கள் மருந்துக்கடைக்காரரின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பின்னறை இப்படியே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டு, முதல் கையாகத் தன் கையையே தூக்கினார். அதற்குப் பிறகு எண்ணவே தேவைப்படவில்லை. பையோடு வந்த அம்மாள்கூடத் தூக்கினார்.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் நாற்காலிகளை அடுக்கினார். அவள் வந்து எதிரே நின்று, அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கட்டி விரலில் தட்டுப்பட்டது.

"உன் கம்ப்யூட்டரைப் புகழ்ந்தா நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்," என்றார் அவர். "நீ அங்கயே வேலை பாக்கறே, உங்கிட்டகூட அது ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"அது சொல்லக் கூடாது," என்றாள். "நீங்க சொல்லியிருக்கணும்."