பெரியப்பா எழுதிய உத்தமி

என் பெரியப்பாவுக்கு ஆகாதவர்கள் யாரும் அவர் கதைகளில் நல்ல சாவு செத்ததில்லை. பட்டாபிராம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம் அவருக்கு. மிச்ச நேரத்தில் பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கதை எழுதுவார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்ட மாதம், கதையில் வேலித் தகராறு பண்ணிய ஒருவனை நல்ல பாம்பு கடித்தது. லீவு கொடுக்காத அதிகாரிக்குக் கதையில் வாய் கோணிக்கொண்டது. எல்லாம் சமூகச் சீர்திருத்தம் என்பார். நாங்களும் நம்பினோம்.

பெரியம்மா பருத்திப்பட்டில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பெண். எழுத்து வாசனை கிடையாது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. புருஷன் எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பத்திரிகை வந்த அன்று மத்தியானம் தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிடுவாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் உரக்கப் படிப்பேன். கூலி, ஒரு பொரிவிளங்காய் உருண்டை.

அது யுத்த காலம். காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை இளைத்துப் போயிருந்தது. அந்த வாரக் கதையின் நாயகிக்கு மோவாயில் மச்சம் இருந்தது. கோபம் வந்தால் புருஷனிடம் பேசாமல் பாத்திரங்களிடம் பேசினாள். எல்லாம் பெரியம்மாவேதான்.

"யக்கா, உன்னியே எய்திகீறாரு!" என்று பெண்கள் கத்தினார்கள். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேலே படித்தேன். பிள்ளையில்லாத அந்த நாயகி, வம்சம் விளங்க வேண்டுமென்று தானே தாம்பூலத் தட்டை எடுத்துப் போய்ப் புருஷனுக்கு இன்னொரு பெண் கேட்கிறாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று அழுகிறான். இவள் காலில் விழுந்து சம்மதிக்க வைக்கிறாள். தாலி எடுத்துக் கொடுப்பதும் இவளேதான். கேட்ட பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் குரல் தழுதழுக்கப் படித்தேன். என் சாமர்த்தியத்தைக் காட்ட அது நல்ல இடம். பெரியம்மா மட்டும் அழவில்லை.

"அந்தத் தட்டு எட்த்துகினு போற எடத்த இன்னொரு தபா படி, கண்ணு" என்றாள்.

பெரியப்பா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கிணற்றடியில் எல்லோரும் அவளை உத்தமி என்று கொண்டாடினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் அவளைப் பார்ப்பதற்கென்றே வந்து, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பேர்ப்பட்டவள் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? தை பிறந்ததும் அம்பத்தூரில் ஒரு வீட்டுக்குத் தட்டோடு கிளம்பினாள். என் அம்மா வழியை மறித்துக்கொண்டு அழுதாள்.

"நானா கேட்டேன்? அவளாத்தானே போறா" என்றார் பெரியப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். 

திருவேற்காட்டுக் கோயிலில் கல்யாணம். புதுப்பெண்ணுக்கு என் அக்கா வயசுதான் இருக்கும். தாலியைப் பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கிய இருவருக்கும் ஆலம் சுற்றிப் பொட்டும் வைத்தாள். அவளுடைய துணிப்பெட்டி அதற்குள் சமையலறை மூலைக்கு வந்துவிட்டிருந்தது. நான் மூன்றாம் தடவையாகப் பாயசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கும்பல் கலைந்த பிறகு பெரியம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்தக் கதைல, கண்ணாலத்துக்கு அப்பால அந்தப் பொம்பள இன்னா ஆனா?"

பத்திரிகையைத் தேடி எடுத்து வந்து பார்த்தேன். தாலி கட்டியதோடு கதை முடிந்து, கீழே கூந்தல் தைல விளம்பரம் இருந்தது.

"ஒண்ணும் போடல பெரிம்மா."

"நல்லா பாரு. எங்கனா ரெண்டு வரி எய்தியிருப்பாரு."

பெரியம்மாவுக்குக் கதை மேல் ஆசை இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து, நல்ல ராகமாகவே மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன்.