விசிலுக்குப் பிறகு

1. முதல் நாள் திட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கியவன் நான். டெக்சாஸில் ஒரு தொழில்முறை ஃபுட்பால் அணியின் வீடியோ ரூமில் எடிட்டர் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெரிய லீக் இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த சின்ன லீக். இப்போது அந்த லீகும் இல்லை, அணியும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன். அங்கே ஆட்கள் பேசியதை என் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் பேசிய டெக்சாஸ் இங்கிலீஷ் எனக்கே பாதி நாள் புரிந்ததில்லை.

சென்னையில் நான் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். மனைவி மாலதி பிசியோதெரபிஸ்ட். அவளுக்கு டாலஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தேன். க்ரீன் கார்டு வரும்வரை சமையலும் துணி மடிப்பதும்தான் என் உத்தியோகம். கார்டு கைக்கு வந்ததும், எடிட்டிங் என்று கண்ணில் பட்ட முதல் விளம்பரத்துக்கு அப்ளை பண்ணினேன். ஃபுட்பால் என்றால் பந்தைக் காலால் உதைப்பது என்று நினைத்துத்தான் இன்டர்வியூவுக்கே போனேன்.

இது அது இல்லை. ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். எதிரணி ஆள் பாய்ந்து அவனைக் கீழே சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்ப்பதுதான் டேக்கிள். நம் ஊர் கபடியில் பிடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர்கள் தலையில் ஹெல்மெட்டும் தோளில் பேடும் மாட்டிக்கொண்டு, முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவார்கள்.

வீடியோ ரூமுக்குத் தலைவர் வால்டர். ஐம்பது வயதுக்கு மேல், தொப்பை, எப்போதும் வாயில் ஒரு டூத்பிக். மேட்ச் முடிந்ததும் நாங்கள் எடுத்த கேமரா டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி கோச்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். பந்து ஆட்டத்துக்குள் வரும் நொடிக்கு ஸ்னாப் என்று பெயர். ரெஃப்ரி விசில் ஊதினால் அந்த ப்ளே, அதாவது ஆட்டத்தின் அந்த ஒரு துண்டு, முடிந்தது. நான் முதல் நாள் விசிலுக்குப் பிறகும் கொஞ்சம் ஓடவிட்டு வெட்டியிருந்தேன். வால்டர் பார்த்துவிட்டு டூத்பிக்கைத் துப்பினார்.

"என்னப்பா இது? ஆளுங்க எந்திரிச்சு பேண்ட்ல புல்லு தட்டறத கோச் பாக்கணுமா?"

"கொஞ்சம் மூச்சு விட்டா பாக்க நல்லா இருக்கும்னுதான்..."

"இது சோப்பு விளம்பரம் இல்ல. ஸ்னாப்ல ஆரம்பி, விசில்ல வெட்டு. ஒரு கேம்ல எத்தன ப்ளே தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் நீ மூச்சு விட்டா, கோச் பொண்டாட்டி மூஞ்சிய எப்ப பாக்கறது?"

நியாயமான பேச்சு. எல்லா அணிகளிலும் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரே மாதத்தில் விசில் சத்தம் கேட்டாலே என் விரல் தானாக பட்டனுக்குப் போக ஆரம்பித்தது. கெட்டிக்காரன் என்று வால்டர் முதுகில் தட்டினார்.

2. டெரன்ஸும் ஊறுகாயும்

டெரன்ஸ் எங்கள் டிஃபென்ஸில் சேஃப்டி, அதாவது எல்லாருக்கும் பின்னால் நின்று கடைசியில் ஓடிவந்து மோதுகிற ஆள். இருபத்து நாலு வயதுப் பையன். மற்ற பிளேயர்கள் வீடியோ ரூம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இவன் தினம் வருவான், வந்தால் என் டிபன் பாக்ஸைத்தான் முதலில் திறப்பான். மாவடு ஊறுகாயை வெறும் வாயில் தின்ற ஒரே அமெரிக்கன் இவன்தான். கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் விட மாட்டான்.

அவனுக்கு ஒரே ஆசை, பெரிய லீக். அதற்கு அவனுடைய நல்ல டேக்கிள்களை எல்லாம் சேர்த்து ஒரு டேப் அனுப்ப வேண்டும். அந்த டேப்பை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். எது நல்ல டேக்கிள் என்று எனக்கு என்ன தெரியும்? செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் எதற்குக் கத்துகிறார்களோ அது நல்லது. கோச் அந்த வாரத்தின் பெரிய அடியை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவார், மொத்த ரூமும் "ஊ" என்று அலறும். அந்த அலறலுக்காகவே பிளேயர்கள் வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிராக்டிஸில் கோச்சுகள் தொண்டை வற்றக் கத்துவார்கள்: "தல மேல! அடிக்கிற ஆள பாத்துக்கிட்டே அடி! தோள்ல அடி!" அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தலையைத் தூக்கி, தோளால் மோதி, கையால் கட்டிப்பிடித்துச் சாய்க்கிற டேக்கிள் டேப்பில் சப்பென்று இருக்கும். தலையைக் குனிந்து ஹெல்மெட்டின் உச்சியால் மோதினால்தான் அந்த சத்தம் வரும். செவ்வாய்க்கிழமை "ஊ" வாங்கியதெல்லாம் அந்த ஜாதிதான். டெரன்ஸின் டேப்பில் நான் கோத்ததும் அதைத்தான். பையன் பார்த்துவிட்டு என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான்.

3. மாலதி பார்த்தது

சின்ன அணி என்பதால் மேட்ச் அன்று நானே ஒரு கேமராவும் பிடிப்பேன், கோல் போஸ்டுக்குப் பின்னால், ஆளை உயரத்தில் தூக்கி நிறுத்தும் ஒரு லிஃப்ட் மேடையில் ஏறி நின்றபடி. அடுத்த நாள் பூராவும் எடிட்டிங். அப்படி ஒரு திங்கட்கிழமை, மாலதி லீவில் இருந்ததால் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வால்டர் வெளியே போயிருந்தார். நான் சாப்பிட, என் கேமரா டேப் மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. டெரன்ஸ் குனிந்து மோதினான், விசில் அடித்தது. கையில் தயிர் சாதம் இருந்ததால் நான் டேப்பை நிறுத்தவில்லை.

"என்னங்க, இத கொஞ்சம் பின்னாடி போடுங்க," என்றாள் மாலதி.

போட்டேன். டெரன்ஸ் எழுந்து நிற்கிறான். இரண்டு கைகளும் தொங்குகின்றன. பக்கத்தில் வந்தவன் இவன் கையில் தட்டிப் பாராட்டக் கை நீட்டுகிறான், இவன் கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறான். பிறகு விரல்களை உதறுகிறான், நடக்கிறான்.

"அது ஸ்டிங்கர்," என்று அறிவாளி மாதிரி சொன்னேன். "கரண்ட் ஷாக் மாதிரி கையில இறங்குமாம். எல்லாருக்கும் வருமாம்."

"ஒரு கையில வந்தா அதுங்க. ரெண்டு கையும் ஒண்ணா போச்சுன்னா அது தண்டுவடம். இங்க பாருங்க." அவள் தன் கழுத்தின் பின்னால் கை வைத்துக் காட்டினாள். "தல நிமிந்திருந்தா கழுத்து லேசா வளைஞ்சிருக்கும், அடிய வாங்கிக்கும். குனிஞ்சா குச்சி மாதிரி நேராயிடும். உச்சந்தலையில விழற அடி எங்க போவும் சொல்லுங்க? நேரா எலும்புக்குத்தான். இந்தப் பையன் எம்ஆர்ஐ எடுக்காம இனிமே கிரவுண்ட்ல கால் வைக்கக் கூடாது. இன்னிக்கே சொல்லுங்க."

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அவள் போன பிறகு அந்த ப்ளேயை வெட்டினேன். ஸ்னாப் முதல் விசில் வரை.

4. சொன்னேன்

சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் காலை டிஃபென்ஸ் கோச்சை வராண்டாவில் பிடித்தேன். டெரன்ஸின் இரண்டு கையும் தொங்கியது, என் மனைவி பிசியோ, கழுத்தாக இருக்கும் என்கிறாள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "தேங்க்ஸ் சேகர், ட்ரெய்னர பாக்கச் சொல்றேன்," என்றார், சொல்லவும் செய்தார். அணியில் அடிபட்டவர்களைக் கவனிப்பது ட்ரெய்னர்தான். அவர் டெரன்ஸைக் கூப்பிட்டு, கையைத் தூக்கு, என்னைத் தள்ளு என்று டெஸ்ட் பண்ணியிருக்கிறார். பையன் தள்ளிய தள்ளில் ட்ரெய்னர் சுவரில் போய் முட்டினாராம். கை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ஒன்றும் ஆகவில்லையே என்றிருக்கிறான். விஷயம் அத்தோடு முடிந்தது.

அன்று மாலை டெரன்ஸ் வீடியோ ரூமுக்கு வந்தான். டிபன் பாக்ஸைத் தொடவில்லை.

"சேகர், கோச்கிட்ட என்ன சொன்ன நீ?"

"டெரன்ஸ், உன் நல்லதுக்குத்தான். என் ஒய்ஃப் சொல்றா..."

"அடுத்த மேட்சுக்கு பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்கற ஸ்கவுட் வர்றான். என்னைப் பாக்கத்தான் வர்றான், தெரியுமா? கழுத்துன்னு டாக்டர் ஒரு வார்த்த எழுதினா போதும், எந்த டீமும் என்னைத் தொடாது. எனக்கு வேற என்னப்பா தெரியும்? ஒரே ஒரு மேட்ச். அது முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா."

அவன் கண் கலங்கியிருந்தது. ஊறுகாய் தின்னாமலே கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

வீட்டில் மாலதி விடவில்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"டேப்ப போட்டுக் காட்டினீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"யாரும் கேக்கல மாலதி."

"கேக்கணுமா? கண்ணால பாத்தா அந்த ட்ரெய்னர் விடுவாரா?"

"இங்க பாரு, என் வேலை வெட்டறது. மீட்டிங்ல நான் போய் டாக்டர் வேஷம் போட்டா, நாளைக்கே பழையபடி வீட்ல துணி மடிக்க வேண்டியதுதான்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

5. கட்

அந்த மேட்சில் லிஃப்டின் மேல் நான்தான் நின்றேன். இரண்டாம் பாதி. எதிரணி ஆள் பந்தோடு நேராக என் கேமராவை நோக்கி ஓடிவருகிறான், குறுக்கே டெரன்ஸ். தலை மேல், தலை மேல் என்று வாய்விட்டே சொன்னேன். என் சொல் அங்கே எப்படிக் கேட்கும்? பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசி நொடியில் தலை குனிந்தது.

அந்த சத்தம் வந்தது. விசில் அடித்தது. ஹெட்செட்டில் வால்டரின் குரல்: "கட். எல்லா கேமராவும் கட்." பிளேயர் அடிபட்டுக் கிடந்தால் படம் எடுக்கக் கூடாது, அது அவனுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் சொல்வதற்கு முன்பே என் விரல் ஸ்டாப்பை அழுத்திவிட்டிருந்தது.

பிறகு வெறும் கண்ணால் பார்த்தேன். அவன் கைகால் எதையும் உதறவில்லை. ட்ரெய்னர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மண்டியிட்டுத் தலையை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகத்துக்கு முன்னால் இருந்த கம்பியை மட்டும் எடுத்தார்கள். எல்லாம் முறைப்படி, ஒரு தப்பில்லாமல் செய்தார்கள். ஸ்ட்ரெச்சர் வெளியே போகும்போது ஸ்டேடியம் எழுந்து நின்று கைதட்டியது. சே, அந்தக் கைதட்டலை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தோளிலும் முழங்கையிலும் அசைவு கொஞ்சம் மிஞ்சியது. விரல்களில் பாதி. கால்களில் அசைவே இல்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்கு அவனை மாலதியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். அவள் தினமும் வீட்டில் வந்து, "இன்னிக்கு மணிக்கட்டு அசைஞ்சுதுங்க," என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். காட்டினீர்களா என்று மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். டேப்பைக் காட்டாமல் விட்டதைச் சொன்னேன். அவன் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேப்ல பாத்துதான் எனக்குத் தெரியணுமா சேகர்? என் கைதானே," என்றான்.

நான் அழுதேன். அவன் அழவில்லை. ஊறுகாய் எங்கே என்று கேட்டான்.

6. பள்ளிக்கூட ஜிம்

சில வருடங்கள் ஓடின. நாங்கள் டாலஸுக்குப் பக்கத்து ஊரான ஆலனுக்குக் குடிவந்துவிட்டோம். நான் ஒரு கம்பெனிக்கு ட்ரெய்னிங் வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். டெரன்ஸ் போன் பண்ணினான். ஹை ஸ்கூல் ஃபுட்பால் பையன்களிடம் டேக்கிளிங் பற்றிப் பேசப் போகிறானாம்.

"அந்த டேப் இருக்கா?"

எந்த டேப் என்று நான் கேட்கவில்லை. அணியை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த கேமரா டேப்புகளில் அதை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன், எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"எங்க வெட்டணும்?" என்று கேட்டேன்.

"வெட்டாத."

ஜிம் தரையில் பையன்கள் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். டெரன்ஸ் சக்கர நாற்காலியில், பக்கத்தில் டிவி, டிவிக்குப் பக்கத்தில் நான். மாலதி கடைசியில் சுவரோரம் நின்றாள். ப்ளே பட்டனை அழுத்தினேன். டெரன்ஸ் ஓடிவந்து குனிந்து மோதினான். மொத்த ஜிம்மும் "ஊ" என்று அலறியது, அதே செவ்வாய்க்கிழமை அலறல். விசில் அடித்தது. என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. டெரன்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டேன்.

டேப் ஓடியது. அவன் எழுந்து நின்றான். இரண்டு கைகளும் தொங்கின. இன்னொருவன் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அலறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஜிம்மில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அடுத்த ப்ளேக்குப் போய் நின்னேன்," என்றான் டெரன்ஸ்.

அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் பையன்கள் அவன் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். தலையை எப்படி வைப்பது, தோளை எப்படிக் கொடுப்பது, கையில் மின்னல் இறங்கினால் யாரிடம் ஓடுவது என்று எல்லாவற்றையும் கேட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு என்னிடம் பெரிய பாடம் எதுவும் இல்லை. வெட்டுவதற்கு முன் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் வராண்டாவில் நின்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சம்பந்தப்பட்டவரை இழுத்துவந்து உட்காரவைத்து, போட்டுக் காட்டுங்கள். வேலை போய்விடுமே என்று பயப்படாதீர்கள். எந்த வேலைக்குப் பயந்து நான் காட்டாமல் இருந்தேனோ, அந்த வேலை அடுத்த வருடமே லீகோடு சேர்ந்து போய்விட்டது.