எர்சிலியாவின் இரண்டு குழிகள்

அந்த வருஷம் கன்யவெர்தே சர்க்கரை ஆலை அணி இருபத்திரண்டு பேஸ்பால் ஆட்டங்களில் பதினேழை ஜெயித்தது. மட்டையால் அல்ல, எறிந்தே ஜெயித்தது. மூன்று பிட்சர்கள் எறிந்த பந்தை எதிரணிகள் தொடவே திணறின. ஊர் அந்த மூவரையும் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது. மைதானத்தின் நடுவே அவர்கள் நின்று எறிந்த மண்மேட்டைக் கட்டியவள் எர்சிலியா.

ஐம்பத்திரண்டு வயது. காலையில் ஆலைச் சமையலறையில் முந்நூறு பேருக்கு மொச்சையும் சோறும். மதியத்துக்கு மேல் மைதானம். பதினோரு வருஷம் முன்பு, பார்வையாளர் வரிசையிலிருந்து, "அந்த மேட்டுல ஆடு கூட நிக்காதுடா!" என்று கத்தினாள். "அப்போ நீயே வந்து கட்டு" என்றார் மேலாளர் வென்செஸ்லாவோ. மறுநாளே மண்வெட்டியோடு வந்துவிட்டாள்.

எறிந்து முடிக்கும்போது ஒவ்வொரு பிட்சரின் முன்காலும் ஒரே இடத்தில் விழும். அங்கே குழி விழும். களிமண்ணில் ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகு கொஞ்சம், காய்ந்த கரும்புச் சக்கைத் தூள் சேர்த்துப் பிசைந்து அந்தக் குழியை அடைப்பாள். யார் கால் எங்கே விழும் என்பது அவளுக்கு மனப்பாடம். இடக்கைப் பிட்சர் எலிஹியோவுக்கு, நின்று எறியும் இடத்திலிருந்து அவள் பாதத்தால் அளந்து ஏழடி.

இறுதி ஆட்டம் சொந்த மைதானத்தில், துறைமுக அணியோடு. ஆறு இன்னிங்ஸ் முடிந்து யாருக்கும் ரன் இல்லை. அப்போது கொட்டியது மழை. கால் மணி நேரத்தில் நின்றும் விட்டது, ஆனால் அதற்குள் மேடு கஞ்சியாகிவிட்டது.

நடுவர் கடிகாரத்தைத் தட்டினார். "அரை மணி நேரம். மேடு சரியாகலைன்னா உள்ளூர் அணி தோத்ததா எழுதிருவேன்."

வென்செஸ்லாவோ பதறி, ஆலை வாசலிலிருந்து ஒரு வண்டிச் சக்கையைக் கொண்டுவந்து மேட்டில் கொட்டிவிட்டார்.

"அண்ணே, என்ன பண்ணீங்க?" எர்சிலியா ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். சாறு சொட்டியது. "இன்னிக்கு ஆட்டின சக்கை! இத மிதிச்சா ஷூ பிசுபிசுன்னு ஒட்டிக்கும். பிட்சருக்கு மேடு போடுறீங்களா, ஈக்கு விருந்து வைக்கிறீங்களா?"

"சக்கைன்னா சக்கைதானே!"

"மொச்சைன்னா மொச்சைதான்னு வேகாம போட்டா தின்பீங்களா? அள்ளுங்க!"

மேலாளரே அள்ளினார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். பத்து நிமிஷம் அதிலேயே போனது. பிறகு, போன வருஷமே காயவைத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகளை அவிழ்த்தாள். சேற்றை வழித்தாள், தூளைத் தூவினாள், மிதித்தாள். எலிஹியோவின் குழியை அடைத்துக் குத்தி இறுக்கினாள். ஆறு நிமிஷம் மிச்சம். அதே மேட்டிலிருந்து எறியும் எதிரணி பிட்சர் தியோனெலின் குழிப் பக்கம் நகர்ந்தாள்.

வென்செஸ்லாவோ குனிந்து கிசுகிசுத்தார். "அத விடு. அவன் வழுக்கட்டும்."

"வழுக்கி விழுந்தா, சேத்தால ஜெயிச்சோம்னு துறைமுகத்துல பாட்டே கட்டிருவானுங்க. நம்ம பசங்க கை மேல உங்களுக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?"

அவர் வாயைத் திறக்குமுன் அந்தக் குழியையும் அடைத்துவிட்டாள்.

நடுவர் ஏறிக் குதித்துப் பார்த்தார். "ஆடலாம்."

எலிஹியோ மேடேறி முன்காலை வைத்துப் பார்த்தான். "அக்கா, நம்ம வீட்டுத் தரை மாதிரி இருக்கு."

"பேசாம எறிடா."

எறிந்தான். தியோனெலும் எறிந்தான், கொஞ்சமும் சளைக்காமல். எட்டாவது இன்னிங்ஸில் அவன் ஒரே ஒரு பந்தை அடிக்க வாகாக நடுவில் விட்டான். ஆலையின் பேட்ஸ்மேன் அதை வேலிக்கு அப்பால் அனுப்பினான். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் எலிஹியோ எதிரணியின் மூன்று பேரையும் பந்தைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினான். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை கன்யவெர்தேக்கு.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. தியோனெல் அதை விலக்கிக்கொண்டு எர்சிலியாவிடம் வந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஒரு தடவ கூட கால் வழுக்கலக்கா. ஊருக்குப் போயி சொல்ல ஒரு சாக்கு கூட வைக்கல நீங்க."

"அந்தப் பந்து மட்டும் நல்லா எறிஞ்சிருந்தா சாக்கே தேவப்பட்டிருக்காது, தம்பி."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அவனைப் பார்க்கவில்லை. மேட்டின் உச்சியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வென்செஸ்லாவோ குதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! கீழ எறங்கி ஆடுங்க!" மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடினாள்.