சுவருக்கு இந்தப் பக்கம் பியானோ

அப்பா குரலை உயர்த்தினால் அம்மா டேப் ரெக்கார்டரின் குரலை உயர்த்துவாள். நீலசந்திராவில் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். சண்டைக்கென்றே அம்மா ஒரு கேசட் வைத்திருந்தாள். அவள் வேலை செய்த பங்களாக்காரம்மா வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. பாட்டே கிடையாது, வெறும் பியானோ. "சினிமாப் பாட்டுன்னா காது குடுத்துக் கேப்பாளுங்க. இத எவ கேப்பா?" என்பாள்.

ஒருமுறை அப்பா டேப் ரெக்கார்டரையே சுவரில் வீசினார். அதன்பிறகு அது இழுத்து இழுத்துத்தான் ஓடியது. பியானோ மெதுவாக, அடிவயிற்றிலிருந்து, நடுங்கி நடுங்கி வந்தது. பாத்திரம் உருளும், அம்மாவின் தலை எதிலோ மோதும், நடுவே பியானோ வாசிக்கும் அந்த விரல்கள் அவசரமே இல்லாமல் படியிறங்கி வரும். கோபத்தின் சத்தம் இதுதான் என்று என் உடம்பு படித்துக்கொண்டது.

நான்காம் வகுப்பில் ஒருநாள் மியூசிக் மிஸ் ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு, வேகம், சுருதி, மனநிலை என்று போர்டில் எழுதினார். கொஞ்சம் கேட்டதுமே தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டு மெட்டு! ஆனால் யாரோ துரத்துவதுபோல் ஓடியது, உச்சியில் கீச்சிட்டது. பள்ளிக்கூடத்து டேப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிச் சரியானதை எழுதினேன்: மெதுவாக. கீழே. கோபம்.

மிஸ் வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். "குழந்தைங்க தோட்டத்துல ஓடற மாதிரி இருக்கு, உனக்குக் கோபமா கேக்குதா? காதை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தியா?"

"உங்க டேப்புதான் தப்பு மிஸ்."

சிரித்தார்கள். மறுநாள் எங்கள் கேசட்டைப் பையில் ஒளித்து எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். போட்டார். அதுவும் குதித்துக் குதித்து ஓடியது. தோட்டம், குழந்தைகள், வெயில். துரோகி! அதைத் தொடக்கூடப் பிடிக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு சட்டைப் பொத்தான் போதுமாக இருந்தது. அம்மாவின் கை அலமாரியைத் துழாவியது, அடி விழ விழத் துழாவிக்கொண்டே இருந்தது. திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா சப்பாத்திக் கட்டையோடு உள்ளே வந்தாள். பின்னால் வரிசையே நின்றது.

"விடுண்ணா கைய! அது இன்னா பொம்பளயா, கருங்கல்லா?"

அப்பாவின் கை இறங்கியது. செருப்புகூட மாட்டாமல் வெளியே போனார்.

அக்கா அம்மாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த டொய்ங் டொய்ங் ஓடினாலே அடி விழுதுன்னு தெரியும்கா எங்களுக்கு. இன்னிக்கு அடிக்கிற சத்தம் கேக்குது, அது ஓடல. உனக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டோம்."

எல்லோரும் போனபின் அம்மா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"கேசட்டு எங்கடி?"

சொன்னேன். அப்பாவிடம் வாங்கியதையெல்லாம் என் முதுகில் இறக்கினாள். அது இல்லாததால்தானே அடி நின்றது என்று நான் கத்தக் கத்த அடித்தாள். அப்பாவின்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு அன்று அவள்மேல் வந்தது.

மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, மிஸ்ஸைக் கும்பிட்டு அதை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லோருக்கும் தெரியும் என்று தெரிந்தபிறகும் அது அவளுக்கு எதற்கு என்று, அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.