காணும்

குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவர் அவர். மாலையில் பயிற்சி மண்டபத்தில் எனக்கு ஜோடி. குத்துச்சண்டைக்குக் கால் நகர்த்திப் பழகும்போது என் பாதங்கள் பின்னினால், உடனே விரல்களை மிதிப்பார்.

அன்று குத்துச்சண்டை இல்லை, தரைப்பிடி பழகினோம். என்னைக் கீழே கிடத்தி வலக்கையை முறுக்கினார். வலி தாங்காமல், "அண்ணை, காணும், விடுங்கோ" என்றேன்.

"காணும் எண்டுறது சோத்துக்கு, தம்பி. இங்கை தோத்தவன் தரையிலை தட்டவேணும்."

தட்ட வேண்டிய இடக்கை அவருடைய முழங்காலுக்குக் கீழே கிடந்தது. அது அவருக்குத் தெரியும். என் முழங்கை விலகிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு மீன் வாங்கப் போனேன். பாரையை முள் நீக்கி, கவனமாகச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தந்தார்.

"இடக்கையாலை தின்ன உதுதான் சுகம்."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.